மையவாடியில் கிலுகிலுப்பை

ஆதம் சவுதியிலிருந்து வந்திறங்கப் பதினேழு நாள் இருந்தபோது, செத்துப்போன மகள் எந்த இடத்தில் கிடக்கிறாள் என்பது பாத்திமுத்துவுக்குத் தெரியாமல் போயிற்று.

வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. தொலைத்தவள் அவள்தான். தொலைத்ததைத் தேட உள்ளே போகவும் அவளால் முடியாது. தென்காசியில் அவர்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மையவாடிக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. மையத்தை வீட்டு வாசலில் வைத்து ஆண்களிடம் கொடுத்துவிட்டால் பெண்களின் வேலை முடிந்தது.

ஜைனம்பு எழுபத்தொன்பது ஜூலையில் பிறந்தாள். புருஷன் ஆதம் அந்த ஜனவரியிலேயே பயணம் போய்விட்டான். ரெண்டு வருஷ ஒப்பந்தம். அது முடிகிற நேரத்தில் தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது, இன்னும் ரெண்டு வருஷம் நீட்டினான். பிறகு மாற்றாள் வரவில்லை என்று ரொட்டிக்கடை முதலாளி பாஸ்போர்ட்டைத் தராமல் மேலும் ஒரு வருஷத்தைத் தின்றான். இதற்கு நடுவில், எண்பத்தொன்று நவம்பரில், மூன்று நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். அந்த மழைக்காலத்தில் ஊரில் நாலைந்து பிள்ளைகள் அப்படிப் போயின. தந்தி கிடைத்தபோது அடக்கம் முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. இனிப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று அங்கிருந்தவர்கள் ஆதமிடம் சொன்னார்களாம். அதுவும் சரிதான். பெற்ற மகளை அவன் ஒரு ஸ்டூடியோ படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். அந்தப் படத்திலும் அவள் ஆடிவிட்டதால் முகம் சரியாக விழவில்லை.

பிள்ளையைக் குழிக்குள் இறக்கியது பாத்திமுத்துவின் தம்பி காஜா. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மழை நிற்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மண் மூடியதும் தலைமாட்டில் பச்சையாக ஏதாவது நடவேண்டும். செடி உயிரோடு இருக்கும்வரை அது இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், கீழே கிடப்பவருக்கு அது ஒரு ஆறுதல் என்பது அங்கே நம்பிக்கை. பெரியவர்களுக்கு மருதாணிக் கொப்பும் மீசான் கல்லும் வைப்பார்கள். பச்சைப்பிள்ளைகளுக்குக் கல் கிடையாது, செடி மட்டும்தான். அன்றைக்கு மருதாணிக் கொப்பை எடுத்துவர யாருக்கும் ஞாபகம் இல்லை. காஜா வரப்போரம் நின்ற ஒரு கிலுகிலுப்பை நாற்றை மண்ணோடு பிடுங்கி வைத்துவிட்டு வந்தான்.

வீட்டு மச்சில், நெல் பானைகள் அடுக்கியிருந்த அறையில், மையவாடியைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. ஐந்து கம்பிகள். மறுநாள் காலையில் காஜா அங்கிருந்து கையை நீட்டிக் காட்டினான். “வளைஞ்ச கருவேலமரம் தெரியுதா லாத்தா? அதுக்கு இங்கிட்டு. கொஞ்சம் மேடா இருக்குலா, அதான்.”

செடி பூத்த பிறகு மேட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தை மாதம் மஞ்சள் கொத்து நீட்டியது. வலது சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் சரியாக ரெண்டாம் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் நடுவில் வரும். வேலிக்கருவை மண்டிக் கிடந்த மூன்று ஏக்கரில் அது ஒன்றுதான் மஞ்சள். வெயில் ஏறும்போது பட்டாம்பூச்சிகள் வரும். செம்மஞ்சள் இறக்கையில் கறுப்பு நரம்பு ஓடியவை, நீலப் புள்ளி போட்டவை. பூவில் உட்கார்வது போதாதென்று காய்ந்த இலையையும் தண்டையும் சுரண்டிக்கொண்டு கொத்தாகத் தொங்கும். பாத்திமுத்து தினமும் சாயங்காலம் அஸருக்குத் தொழுதுவிட்டு மேலே போவாள். பார்ப்பாள், இறங்குவாள். அழுவதற்காகப் போகவில்லை. பிள்ளை தூங்குகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி அது ஒரு வேலை.

இதையெல்லாம் ஆதமுக்கு எழுதினாள். அவன் கடிதத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டான். கேசட்டில் பேசி அனுப்புவான். எல்லாருக்கும் ஸலாம் சொல்லி, காஜாவைத் திட்டி, கரகரவென்று கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, கடைசியில் கேட்பான்: “அந்தச் செடி எப்பிடி இருக்கு? பட்டுப்போயிராம பாத்துக்கோ. நான் வந்து பாக்கணும்.”

ஒவ்வொரு கேசட்டிலும் அதுதான். நான் வந்து பாக்கணும்.

கிலுகிலுப்பை ஒரு வருஷத்துச் செடி. பங்குனி வெயிலில் காய்ந்தது. பாத்திமுத்து பயந்துபோய் காஜாவை அனுப்பி நெற்றுகளைப் பறித்துவரச் சொன்னாள். அவற்றில் கொஞ்சத்தை அதே இடத்தில் தூவவும் சொன்னாள். எண்பத்திரண்டு கார்த்திகையில் அங்கே ஒன்றுக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு செடி புதராக எழுந்தது. அந்த முறை நெற்று ஒரு பெட்டி நிறைய வந்தது. அதை அவள் முற்றத்தில் பாயில் உலர்த்தினாள். அப்துல் ஜப்பார் அதைப் பார்த்தது அங்கேதான்.

ஜப்பாருக்கு ஐம்பது வயதிருக்கும். அதே தெருக்காரர். மையவாடி மதிலை ஒட்டியிருந்த தன் கொல்லையில் தேன்பெட்டி வைத்திருந்தார். சீசனில் குற்றாலத்துக்குத் தேன் கொண்டுபோய் அருவிக்குப் போகிற பாதையில் உட்கார்ந்து விற்பார். இருபத்திரண்டு பெட்டி ஏழு பெட்டியாகக் குறைந்திருந்தது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்புகளில் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்திருந்தார். தோப்புகளில் மருந்தடித்தார்கள். மிஞ்சியதை ஊருக்குக் கொண்டுவந்தால் இங்கே வேலிக்கருவையைத் தவிர ஒன்றும் பூக்கவில்லை. சாரல் மாசத்தில் சீனிப்பாகு காய்ச்சி வைத்தார். அப்படியும் ரெண்டு பெட்டி ஈக்கள் ஒரு காலையில் கூட்டைக் காலி செய்துகொண்டு மலைப்பக்கம் போய்விட்டன.

“ஏம்மா, இது உள்ள நிக்கிற அந்தச் செடியா? என் ஈயெல்லாம் அங்கனதான் கெடக்கு” என்றார். “பாதி தருவியா?”

“முழுசும் எடுத்துக்கோங்க மாமா” என்றாள் பாத்திமுத்து. “அங்கன இன்னும் நெறைய பிள்ளைக கெடக்குல்லா. எல்லாத்துக்கும் பூக்கட்டும்.”

பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். கடைசி வாக்கியம் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

ஜப்பார் அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு ஜமாஅத்துக்குப் போனார். வேலிக்கருவையைத் தூரோடு தோண்டிவிட்டு, இந்த மண்ணில் தானாக முளைக்கிற தும்பை, துத்தி, ஆவாரை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் தெருவே சேர்ந்து விதைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தில் நடந்ததைக் காஜா வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினான்.

“தலைவர் கேக்குதாவ, ‘மையத்துக்கு எதுக்குவே பூந்தோட்டம்?’ ஜப்பார் மாமா சொல்லுதாவ, ‘மையத்துக்கு இல்ல, என் ஈக்கு.’ பொறவு ஒருத்தர் எந்திரிச்சி, ‘அடக்கத்துக்கு வர்றவன ஈ கொட்டிச்சின்னா?’ங்காரு. மாமா விடல. ‘கொட்டுனா ரொம்பத் தூரம் தூக்கிட்டுப் போவாண்டாம், அங்கனயே வச்சிரலாம்’னுட்டாவ. லெப்பைக்கே சிரிப்ப அடக்க முடியல லாத்தா.”

கடைசியில் பள்ளிவாசல் லெப்பைதான் முடித்துவைத்தாராம். பச்சை இருந்தால் எல்லாருக்கும் நல்லது, முள்ளுக்குப் பதில் பூ இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

எண்பத்துமூன்று ஜூலையில் செங்கல் சூளைக்காரன் ஆள் வைத்து வேலிக்கருவையை வெட்டி, விறகுக்காகத் தூரையும் தோண்டி எடுத்துப்போனான். வளைந்த மரமும் போயிற்று. மண்ணைப் புரட்டியதில் மேடும் பள்ளமும் ஒன்றாயின. மிஞ்சிய முள்ளையும் சருகையும் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தக் குவியலில் ஜைனம்புவின் தலைமாட்டில் காய்ந்து நின்ற தண்டுகளும் போயின. பாத்திமுத்து ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பதறவில்லை. விதை மண்ணில் கிடக்கிறது, மழை விழுந்தால் முளைக்கும், போன வருஷம் முளைக்கவில்லையா என்று நினைத்தாள். மஞ்சள் பூத்தால் அதுதான் அடையாளம் என்று ரெண்டு வருஷமாகப் பழகிப்போன கண். எல்லா இடத்திலும் மஞ்சள் பூக்கப்போகிறது என்பதையும் இதையும் அவள் மனசு சேர்த்துப் பார்க்கவில்லை. காஜாவாவது ஒரு கல்லை நட்டிருக்கலாம். “எனக்குத் தெரியாதா?” என்றிருந்தான் அவன்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை விதைப்பு. விதை சேர்த்ததெல்லாம் பெண்கள். பொறுக்கிய விதைகளைப் பாத்திமுத்துவின் முற்றத்தில் கொட்டினார்கள். கிலுகிலுப்பை விதையின் தோல் கெட்டியானது என்று வெந்நீரில் ஊறப்போட்டு எடுத்தார்கள். ஆற்று மணலும் சலித்த சாம்பலும் கலந்தார்கள். உள்ளேதான் போக முடியாது, கையாவது போகட்டும் என்று யாரோ சொல்ல, ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவர்களின் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டாள். வாப்பா பேர், புருஷன் பேர், பேர் வைக்காமலே போன பிள்ளைக்கு “எம்பிள்ள” என்று மட்டும். பாத்திமுத்து மூன்று கை போட்டாள். ஜும்மா முடிந்து ஆண்கள் ஓலைப்பெட்டிகளில் அதை வாங்கிப்போய்ச் சாரலில் நனைந்துகொண்டே விசிறினார்கள். அவள் ஜன்னலிலிருந்து காஜாவைக் கூப்பிட்டு, நம்ம இடத்தில் கூடக் கொஞ்சம் போடு என்றாள். அவனும் ஏதோ ஒரு இடத்தில் போட்டான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் குறை வைக்கவில்லை. கார்த்திகையில் மையவாடி பூத்தது.

தெருவில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கீழே தும்பை வெள்ளை, மேலே இடுப்புயரத்துக்கு மஞ்சள். பெண்கள் முறை வைத்துக்கொண்டு பாத்திமுத்து வீட்டு மச்சுக்கு ஏறி வந்து பார்த்தார்கள். ஜப்பாரின் ஏழு பெட்டியும் கனத்து, ரெண்டைப் பிரித்து வைத்தார். பட்டாம்பூச்சிகள் ஒரு செடிக்கு முப்பது நாற்பது என்று தொங்கின. ஒரு வாரம் பாத்திமுத்துவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிள்ளை போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு வாரத்தில்தான் என்று அவள் உம்மா பிறகு சொன்னாள்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று, டிசம்பர் பத்தாம் தேதி பம்பாயில் இறங்குகிறேன். கீழே ஒரு வரி: அந்தச் செடி இருக்கிறதல்லவா?

அவள் மேலே போனாள். வலது சுவரில் தலையைச் சாய்த்து, ரெண்டாம் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் நடுவில் பார்த்தாள். மதிலிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சள். நூறு செடி இருக்கும், இருநூறு இருக்கும். வளைந்த மரம் இல்லை. மேடு இல்லை. எது கிட்டே, எது தூரம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

காஜாவை உள்ளே அனுப்பினாள். அவன் நேராகப் போய் ஒரு இடத்தில் நின்று, இங்கன என்று காலைத் தட்டினான். அது முதல் கம்பிக்கு வெளியே இருந்தது. அங்கிட்டு அங்கிட்டு என்று கை காட்டினாள். இன்னொரு இடத்துக்குப் போனான், குனிந்தான், திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

“எல்லாம் சமமாக் கெடக்கு லாத்தா.”

“நீதானலே வச்ச? உன் கையால வச்சதுதானலே?”

“அன்னைக்கி மழைல எனக்கு முன்னால நின்னவன் மூஞ்சியே தெரியல.” உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “ஏதாச்சும் ஒரு இடத்தக் காட்டிருவோம். மச்சானுக்கு என்ன தெரியப்போவுது? அவுக பாத்ததே இல்லல்லா.”

“வாய மூடு.”

“இல்ல, நான் எதுக்குச் சொல்லுதேன்னா...”

“மூடுலேன்னா.”

ஆதம் வந்தான். முன் தலையில் முடி போயிருந்தது, அடுப்பு வேக்காட்டில் கை கறுத்திருந்தது. ரெண்டு பெட்டி, ஒரு போர்வை, ஒரு டேப் ரிக்கார்டர். சொந்தக்காரர்கள் வந்தார்கள், செண்டு பாட்டில்களை முகர்ந்தார்கள், போனார்கள். மூன்று நாள் அவன் மச்சுக்கு ஏறவில்லை. மையவாடிப் பக்கம் தலை திருப்பவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு போகிறேன் என்று காஜாவிடம் மட்டும் சொன்னான். காஜா அக்காவைப் பார்த்தான். அவன் ஏற்கனவே ஒரு இடம் பார்த்து வைத்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஆதமையும் பாத்திமுத்துவையும் குற்றாலத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கிறான், குளித்துவிட்டு வரட்டும் என்று. மழை விட்டும் பழைய அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. சீசன் கூட்டம் இல்லை. ஆதம் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டு பாறையில் வந்து உட்கார்ந்தான். பாத்திமுத்து நனையவே இல்லை.

“நாளைக்கு நீங்க உள்ள போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

“என்ன?”

“காஜா காட்டுற இடம் பொய்யி.”

அவன் பிழிவதை நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நெற்று, பாய், ஜப்பார் மாமா, சூளைக்காரன், சாம்பல், மணல். அருவிச் சத்தத்தில் ரெண்டு தடவை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொல்லக் கூடாது.

“யாரு வெதச்சா?”

“எல்லாரும்.”

“வெத யாரு கொடுத்தா?”

“நான்தான்.”

அவன் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குரங்கு வந்து அவர்கள் பையைக் கிளறியது. ரெண்டு பேரும் விரட்டவில்லை. கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை அது எடுத்துக்கொண்டு போயிற்று.

“நான் அங்கன ரொட்டி சுடும்போது நெனச்சுக்குவேன்” என்றான் ஆதம். “பொறந்தப்ப இல்ல, மவுத்தானப்ப இல்ல. போயி ஒரு தடவ அவ பக்கத்துல உக்காந்து, நான்தாம்ளா உன் வாப்பான்னு சொல்லிட்டு வரணும். அவ்வளவுதான் கேட்டேன்.”

அவள் குரங்கு கிளறிய பையை எடுத்து மூடினாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டான். “மேலேருந்து பாத்தா ஒரு கணக்கு உண்டும்னு எழுதுனியே. கம்பிக்கு நடுவுலன்னு.”

“கோடு தெரியும். தூரம் தெரியாது.”

“கோடாவது தெரியுதே” என்றான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தனியாக உள்ளே போனான். காஜாவை வரவேண்டாம் என்றுவிட்டான். பாத்திமுத்து மச்சில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் பாதையிலிருந்து பூவுக்குள் இறங்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தான். காலைத் தூக்கினான், திரும்பப் பாதையிலேயே வைத்தான். எங்கே மிதிப்பது என்று தெரியாமல் நிற்கிறான் என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று. அவன் எங்கே காலை வைத்தாலும் அது அவளாக இருக்கலாம்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

அவள் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். இடப்பக்கம். இன்னும். கொஞ்சம். நில். கோட்டில் நின்றான். அங்கிருந்து மதிலை நோக்கி நடந்தான், பட்டாம்பூச்சிகள் இடுப்புக்கு மேலே எழுந்து எழுந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று மேலே பார்த்தான். அவள் தெரியவில்லை என்று தலையசைத்தாள். மதில்வரை வந்துவிட்டான். திரும்பி அந்தக் கோடிவரை போனான். மறுபடி வந்தான். தெருக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்று என்ன நடக்கிறது என்று தெரியாமல் பார்த்தார்கள். யாரோ சிரித்தது கேட்டது. அவன் நாலாவது தடவை நடந்தான், ஐந்தாவது தடவை நடந்தான். வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் பொடி. ஒவ்வொரு தடவையும் நின்று, கையால் வெயிலை மறைத்து, ஜன்னலைப் பார்த்தான். பஸ் நிலையத்தில் வழி கேட்டு நிற்கிற வெளியூர்க்காரன் முகம்.

அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அவன் மதிலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று மேலே பார்த்தான்.

பாத்திமுத்து கையை உயர்த்தினாள். அதுதான் என்று தலையை ஆட்டினாள்.

அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பூவுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

அவன் பொறுக்கி எடுத்த ரெண்டு கற்களை மறுநாள் அங்கே நட்டான். ஜமாஅத்தில் யாரும் மறுக்கவில்லை. ஊரில் இருந்த மூன்று மாதமும் தினமும் அஸருக்குப் பிறகு போய் யாசீன் ஓதினான். ஓதி முடித்து ஏதேதோ பேசிக்கொண்டும் இருந்தான். ராத்திரி தூக்கம் வந்தது. சாப்பாடு இறங்கிற்று. “எப்பிடித் தெரிஞ்சுது உனக்கு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். “தெரிஞ்சுது” என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவன் கேட்கமாட்டான். மார்ச்சில் திரும்பிப் போனான். போகும்போது சொன்னது, கல்லப் பாத்துக்கோ.

அதற்குள் செடிகளெல்லாம் காய்ந்துவிட்டன. வெறும் தரையில் ரெண்டு கல்லும் நன்றாகத் தெரிந்தன.

ஜப்பாரின் மனைவி சைதூன் பீவி ஒருநாள் தேன் பாட்டிலோடு வந்தாள். அந்த வருஷத்துக் கடைசி எடுப்பு. ஜைனம்பு வீட்டுக்குத்தான் முதல் பாட்டில் என்று ஜப்பார் சொல்லி அனுப்பியிருந்தார். உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த கடிதம் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றாள் பாத்திமுத்து.

“மேல போயி ஒரு எட்டுப் பாக்கட்டுமா?”

“வாங்க மாமி.”

சைதூன் பீவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

“நல்ல கல்லாத்தான் பாத்து வச்சிருக்காவ” என்றாள். “எங்க வீட்டுல இவுக, கல்லு வைக்கக் கூடாதும்னு வைக்காமலே விட்டுட்டாவ.”

“யாருக்கு மாமி?”

“நீ பொண்ணா இருக்கும்போது. உனக்கு எங்க தெரியும்? ஹமீதுன்னு ஒருத்தன். பதினொரு மாசம். மதில்லேருந்து பதினாறு அடி, எங்க மொதப் பெட்டி இருக்குல்லா, அதுக்கு நேரா. இவுகதான் காலால அளந்து வச்சாவ. ஈ பாக்கப் போகும்போதெல்லாம் அங்கிட்டு ஒரு பார்வ பாத்துக்கிடுவாவ.”

பாத்திமுத்து எட்டிப் பார்த்தாள். முதல் பெட்டி. அதற்கு நேராக, மதிலிலிருந்து பதினாறு அடி. அங்கே ஆதமின் ரெண்டு கல்.



“சொல்லிருக்கலாமே மாமி.”

“சொல்லத்தான் போனாவ. மதில் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாவ. ‘அந்தப் பய உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கான், சைதூனு. நம்ம பிள்ளைக்கி நான்கூட அப்பிடி அழல. அழுதுட்டுப் போட்டும்’ன்னாவ.” வெற்றிலைச் சாற்றை ஜன்னலுக்கு வெளியே துப்பப் போனவள், மையவாடி என்று ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டாள். “நீ தெரியாமத்தான காட்டுன?”

“தெரியாமத்தான் காட்டுனேன்.”

“அப்பொறம் என்ன.”

“அப்ப எம்பிள்ள எங்கன மாமி கெடக்கா? மாமாவுக்கு அளவு தெரியும்லா. அவுக பாத்துருப்பாவளே.”

“அன்னைக்கி இவுக பெட்டிய எடுத்துக்கிட்டுப் புளியங்குடில இருந்தாவளே” என்றாள் சைதூன் பீவி. “இருந்திருந்தா அளந்து வச்சிருப்பாவ. அவுகளுக்கு அது ஒரு கிறுக்கு.” அவள் பாத்திமுத்துவின் தோளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். “தேன நல்லா மூடி வையி. எறும்பு வரும்.”

அவள் படியிறங்கும் சத்தம் முடிந்த பிறகும் பாத்திமுத்து அங்கேயே இருந்தாள். மூன்று ஏக்கரில் ஜைனம்பு கிடக்காத ஒரு இடம் எது என்று மட்டும் இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

சித்திரையில் கடிதம் வந்தது. ஆதம் இந்த முறை கேசட் அனுப்பவில்லை, எழுதியே இருந்தான், பிள்ளையின் பேரைப் போட்டு. ஜைனம்புவுக்கு நான் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன், இப்போது மனசு லேசாக இருக்கிறது, இங்கே எல்லாரும் நான் தேறிவிட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தான். மழையில் கல் சாய்ந்துவிடாமல் காஜாவை மண் அணைக்கச் சொல் என்றிருந்தான்.

அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். உம்மாவுக்கு முழங்கால் வலி, காஜா கடைக்கு வேலைக்குப் போகிறான், ஜப்பார் மாமாவுக்குப் பெட்டி பதினொன்று ஆகிவிட்டது, வர்ற ஆவணியிலும் எல்லாருமாகச் சேர்ந்து விதைக்கப் போகிறோம் என்று எழுதினாள். மேலும் ஒரு வரி எழுதத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நிறுத்தி, அந்த எழுத்தை அடித்தாள்.

பிறகு, காஜா மண் அணைத்துவிட்டான், கல் ரெண்டும் அப்படியே இருக்கிறது என்று எழுதி மடித்தாள்.